வரையாட்டுக் கணக்கும் அதைப் படிப்பதில் நேரும் தவறுகளும்

தமிழ்நாட்டில் 2024-இல் நடந்த ஒருங்கிணைந்த நீலகிரி வரையாடு கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளும், 2025-இல் 1,303 வரையாடுகளும் பதிவாயின. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, ஓராண்டில் வரையாடுகள் 26 விழுக்காடு பெருகிவிட்டன என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. முதல் கணக்கெடுப்பு 140 பகுதிகளிலும், இரண்டாவது 177 பகுதிகளிலும் நடந்தது. அந்த உயர்வும் 26 விழுக்காடே. பகுதி ஒன்றுக்கான சராசரியோ இரண்டு ஆண்டுகளிலும் ஏறக்குறைய 7.36. பெட்டை ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும் விலங்கு, ஓராண்டில் கால் பங்குக்கு மேல் பெருகியது என்றால் உடனே ஐயம் எழ வேண்டும். இதை வைத்து வரையாடுகள் பெருகவே இல்லை என்று சொல்வதும் அதே அளவு பிழையாகும். புதிதாகச் சேர்ந்த பகுதிகள் பழையவற்றைப் போலவே வரையாடு நிறைந்தவையா என்பதை இந்தச் சராசரி காட்டாது. இரண்டு ஆண்டுகளிலும் எண்ணப்பட்ட பகுதிகளை மட்டும் தனியே பிரித்து ஒப்பிட்டால்தான் ஏற்றமா இறக்கமா என்று பேசத் தொடங்க முடியும்.

இரண்டாவது தவறு, கண்ணில் பட்டதையே இருப்பு என்று கொள்வது. பாறை முகட்டில் மூடுபனி இறங்கினால், எதிர்ச்சரிவில் மேயும் மந்தை முழுவதும் மறைந்துவிடும். இதை ஈடுசெய்யத்தான் இரட்டை நோக்கர் முறை இருக்கிறது: இரு குழுக்கள் ஒரே பகுதியை ஒன்றுக்கொன்று தெரியப்படுத்தாமல் எண்ணுகின்றன. எடுத்துக்காட்டாக, முதல் குழு 20 மந்தைகளையும் இரண்டாவது குழு 18 மந்தைகளையும் கண்டு, அவற்றில் 15 மந்தைகள் இருவர் கண்ணிலும் பட்டிருந்தால், 20-ஐ 18-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்து, அங்கே சுமார் 24 மந்தைகள் இருக்கும் என்று மதிப்பிடலாம். இருவரும் சேர்ந்து கண்டவை 23. யார் கண்ணுக்கும் படாத ஒன்று கணக்கில் வந்துசேர்கிறது. ஆனால் இந்தக் கணக்கு நிற்பதே இரு குழுக்களும் தனித்தனியாக இயங்கின என்ற நம்பிக்கையின் மேல்தான். முன்னே சென்ற குழு, பின்னே வரும் குழுவுக்கு வாக்கிடாக்கியில் இடத்தைச் சொல்லிவிட்டால், இருவரும் கண்டவை செயற்கையாகக் கூடி, மதிப்பீடு குறைந்துவிடும். உதவும் எண்ணத்தில் செய்யப்படுவது என்பதால் இதைக் கட்டுப்படுத்துவது கடினம்.

இங்கே எண்ணும் அலகு மந்தையே தவிர, தனி ஆடு அன்று என்பதையும் மறக்கக் கூடாது. நான்கு மந்தைகளில் 60 வரையாடுகளைக் கண்டால், புள்ளியியல் நோக்கில் நம்மிடம் இருப்பவை நான்கு சான்றுகள் மட்டுமே. அறுபது என்று வைத்துப் பிழை எல்லையை, அதாவது மதிப்பீடு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வரம்பை, கணித்தால் அது பொய்யான துல்லியத்தைத் தரும். மேலும், பெரிய மந்தை எளிதில் கண்ணில் படுவதால், மந்தையின் சராசரி அளவும் உண்மையைவிடக் கூடித் தெரியும்.

முறை மாறியதைக் கவனிக்காமல் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடுவது இவற்றினும் பெரிய தவறு. காலடித் தடங்களை வைத்து எண்ணிய காலத்தில், 2001-02-இல் இந்தியாவில் 3,642 புலிகள் என்று சொல்லப்பட்டது. தானியங்கிக் கேமராப் படங்களையும் மாதிரிக் கணிப்பையும் கொண்ட 2006 மதிப்பீடு 1,411 என்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் 2,231 புலிகள் இறந்தன என்று இதற்குப் பொருளன்று; முதல் எண்ணுக்குப் பிழை எல்லையே கிடையாது. அந்தப் பழைய முறையின் கணக்கில் புலிகள் நடமாடிய ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில், 2005-இல் ஒரு புலிகூட எஞ்சியிருக்கவில்லை என்பது தெரியவந்தது. முறையை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றும் ஆண்டில் பழைய முறையையும் புதிய முறையையும் சில இடங்களிலாவது சேர்த்து நடத்தினால், தொடர் அறுந்துபோகாது.

தாவரங்கள் ஓடி ஒளிவதில்லை என்பதால் அவற்றை எண்ணுவது எளிது என்ற எண்ணமும் தவறானது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, மடிந்துபோகும் செடி. 2018-இல் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில் பூத்த மலைச்சரிவை அடுத்த ஆண்டு அளந்து, செடிகள் அழிந்துவிட்டன என்று எழுதுவது அதன் வாழ்க்கைச் சுழற்சியை அறியாமையே. செடி மிகச் செழித்திருக்கும் இடங்களாகப் பார்த்து நிலையான மாதிரிக் கட்டங்களை (மீண்டும் மீண்டும் அளக்கும் சிறு நிலத்துண்டுகளை) அமைப்பது இன்னும் நுட்பமான தவறு. உச்சத்தில் தொடங்கிய இடம் தற்செயலாகவே பின்னால் குறையும், அந்தக் குறைவு வீழ்ச்சியாகப் பதிவாகும். கட்டங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும், அவற்றுள் சில வெறுமையாகவே இருக்கும் என்பதையும் ஏற்க வேண்டும். பெரிய மரங்களை மட்டும் அளப்பதும் ஏமாற்றும். முதுமலையில் 1988-இல் தொடங்கப்பட்ட 50 ஹெக்டேர் ஆய்வுக் களத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்றுகளிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. முதிர்ந்த மரங்கள் அப்படியே நிற்கும்போதே, அடுத்த தலைமுறை எழாமல் போவதை அத்தகைய கணக்குதான் காட்டும்.

கடைசியாக, எதையும் காணாத நாளின் படிவத்தைத் தூக்கி எறியக் கூடாது. எத்தனை மணி நேரம் தேடினார்கள், பனி எவ்வளவு இருந்தது, எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பவற்றோடு அந்தச் சுழியமும் பதிவேட்டில் ஏற வேண்டும். எதையும் காணாத படிவங்கள் விலக்கப்பட்ட தொகுப்பில், ஒரு விலங்கு பல இடங்களிலிருந்து மறைந்து சில இடங்களில் மட்டும் எஞ்சியிருந்தாலும், சராசரி மாறாமலே இருக்கும்.