ரேடியோவில் பாதி கேட்ட ராக் பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாட்டு முடிந்துவிட்டது, அறிவிப்பாளர் பெயரைச் சொல்லவில்லை, மெட்டு மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம்.

1. வேறு பாட்டு எதுவும் காதில் விழுவதற்கு முன், போனில் வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து நினைவில் இருக்கும் மெட்டைப் பாடிவிடுங்கள். அடுத்த பாட்டைக் கேட்டால் இரண்டும் கலந்துவிடும். எந்த நிலையம், மணி என்ன, பாடியது ஆணா பெண்ணா என்பதையும் அதிலேயே சொல்லி வையுங்கள்.

2. நேரம் தெரிந்தால் நிலையத்தின் இணையதளத்துக்குப் போங்கள். சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி, பிபிசியின் 6 மியூசிக் போன்றவை ஒலிபரப்பிய பாடல்களின் பட்டியலை வெளியிடுகின்றன. வெளிநாட்டு நிலையம் என்றால் அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

3. பட்டியல் இல்லையா? கூகுள் செயலியில் மைக்கைத் தொட்டு, பாட்டுத் தேடலைத் தேர்ந்தெடுத்து, 10 முதல் 15 விநாடி ஹம் பண்ணுங்கள். 2020இல் வந்த வசதி இது. குரலையும் வாத்தியங்களையும் விட்டுவிட்டு, சுரம் ஏறி இறங்கும் போக்கை மட்டும் எடுத்து ஒப்பிடுகிறது; அதனால் நல்ல குரல் தேவையில்லை. கிட்டார், டிரம்ஸ் சத்தத்தை வாயால் அடித்துக் காட்டாதீர்கள். பாடகர் பாடிய மெட்டை, அதிலும் திரும்பத் திரும்ப வரும் பகுதியை, "ல ல லா" என்று நிதானமாகப் பாடுங்கள். பாட்டை அடையாளம் காட்டும் ஷஸாம் செயலியில் ஹம் பண்ணிப் பயனில்லை. அது அசல் ஒலிப்பதிவோடுதான் ஒப்பிடும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைவிட நல்ல கருவி கிடையாது.

4. அப்புறம் வரிகள். காதில் விழுந்த நாலைந்து சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே லிரிக்ஸ் என்று சேர்த்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சந்தேகமான சொல்லை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள். பல்லவியில் வரும் சொல்லே தலைப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தி ஹூ குழுவின் 1971ஆம் ஆண்டுப் பாட்டில் எல்லார் மனதிலும் நிற்பது "டீனேஜ் வேஸ்ட்லேண்ட்". தலைப்போ "பாபா ஓ'ரைலி". அந்தப் பெயர் பாட்டில் எங்குமே வராது.

5. எதுவும் நடக்கவில்லையா, ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் பாட்டுத் தேடுபவர்களிடம் கேளுங்கள். அவர்களுடைய பொறுமை அசாத்தியமானது. 1980களில் ஜெர்மனியின் என்டிஆர் வானொலியிலிருந்து கேசட்டில் பதிந்த ஒரு பாட்டு 2007இல் இணையத்துக்கு வந்தது. எந்தச் செயலியாலும் அடையாளம் காண முடியவில்லை. பழைய செய்தித்தாள்களைத் துழாவிய ஒருவர், கீல் நகரத்து ஃபெக்ஸ் குழுவின் பாட்டு அது என்பதை 2024 நவம்பரில் வெளிக்கொண்டுவந்தார். நீங்கள் கேட்கும்போது முதல் படியில் பதிந்ததை இணைத்து, நிலையம், ஆண்டு, ஏற்கெனவே தேடிப் பார்த்து இல்லை என்று ஒதுக்கிய பாடல்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள்.