கொல்லையில் புதுப் பறவை வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

பங்குனி மாதம். மேட்டூரை ஜனவரி 28-லேயே மூடிவிடுவதால் ஆற்றில் மணல்தான் கிடக்கும், உளுந்தையும் பிடுங்கிக் களத்தில் போட்டிருப்போம். அந்த நேரத்தில் ஒரு விடியற்காலை கொல்லைப்பக்கம் போனால், மூங்கிலடியில் பச்சை முதுகும் சந்தன நிற நெஞ்சும் வாலுக்கு அடியில் நல்ல சிவப்புமாக ஒரு குட்டைவால் பறவை சருகைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. எங்கள் வீட்டில் இப்படி வந்தது ஆறுமணிக்குருவி. சில ஊர்களில் தோட்டக்கள்ளன் என்பார்கள், இந்தியில் நவரங், ஒன்பது நிறம் என்று பொருள்.

பார்த்தவுடன் எல்லோரும் செய்யும் முதல் தவறு, போனை எடுத்துக்கொண்டு கிட்டே ஓடுவது. நானும் முதல் தடவை ஓடினேன். அது மூங்கிலை விட்டு வெட்டவெளிக்குப் பறந்தது, உடனே நாலைந்து காக்கைகள் சேர்ந்து விரட்ட ஆரம்பித்துவிட்டன, அப்புறம் அதைப் பார்க்கவே முடியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்காக மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் இரவிரவாகப் பறந்து போகிற பறவை அது. பகலில் நம் கொல்லையில் இறங்குவது இளைப்பாறவும் இரை தேடவும்தான். பார்த்த இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள், முடிந்தால் உட்கார்ந்துவிடுங்கள். பத்து நிமிடம் பொறுத்தால் அது தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

அதைவிடப் பெரிய தவறு, வீட்டுக்குள் வந்துவிட்ட பறவையிடம் நடக்கிறது. இரவில் விளக்கு வெளிச்சத்தால் திசை தடுமாறியோ களைத்தோ திண்ணையிலோ கூடத்திலோ வந்து உட்கார்ந்துவிடும். பாவம் என்று நினைத்துத்தான் கூடையைப் போட்டு மூடுகிறோம், அரிசி போடுகிறோம், அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறோம். புழு பூச்சி தின்கிற பறவைக்கு அரிசி எதற்கு? வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிரே போய்விடும். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், உள் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள், பூனையை வேறு அறையில் அடையுங்கள். கண்ணாடியில் மோதி மயங்கிக் கிடந்தால் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். தெளிந்ததும் பகலென்றால் புதருக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்துவைத்தால் போதும். இறக்கை ஒடிந்திருந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே, வளர்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

சரி, பெயர் வைப்பதில் நடக்கும் தவறு. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிடுகிறோம். நீலம் தெரிந்தால் மீன்கொத்தி என்கிறோம், பறக்கும்போது தெரிந்த நீலமென்றால் பனங்காடை என்கிறோம். மீன்கொத்திக்கு நீண்டு தடித்த அலகு, கம்பியிலோ கிளையிலோ காத்துக்கொண்டிருக்கும். ஆறுமணிக்குருவி தரையில் தத்தித்தத்திப் போகும், வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அரசவால் ஈப்பிடிப்பானில் ஆண் வெள்ளையாகவும் இருக்கும், செம்பழுப்பாகவும் இருக்கும், இரண்டும் ஒரே இனம்தான். உடம்பெல்லாம் புள்ளியோடு வருகிற பெண் குயிலைப் பார்த்து ஏதோ வெளிநாட்டுப் பறவை என்று ஊரைக் கூட்டியவர்களும் உண்டு. அலகு, வால், நடை, உட்காரும் இடம் நாலையும் பார்த்துவிட்டு நிறத்துக்கு வாருங்கள்.

“இது இங்கே வரவே வராது” என்று சொல்வதும் அவசரம்தான். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால்தான் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். அந்த நேரத்தில் காது கொடுக்காததால் வருடாவருடம் வந்துபோவது நமக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தேதி, நேரம், எந்த மரத்தடி என்று ஒரு வரி எழுதி வையுங்கள், பறவை பார்த்ததைப் பதியும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிந்தால் இன்னும் நல்லது. ஆனால் போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள், களைத்த பறவையை வீணாக அலைக்கழிப்பதாகும். வீட்டு அடையாளத்தோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மறுநாள் கூட்டமும் உண்டிவில்லும் வந்து நிற்கும்.

இன்னொன்று, செத்த பறவையைக் கண்டால் கால்களைப் பாருங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வந்திருக்கிறார்கள். வளையம் இருந்தால் எண்ணைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

நாம் தவறென்றே நினைக்காத தவறு ஒன்று உண்டு. பங்குனியில் கொல்லையைச் சுத்தமாகக் கூட்டிச் சருகையெல்லாம் குவித்துக் கொளுத்திவிடுகிறோம். அந்தப் பறவையின் சாப்பாடே அந்தச் சருகுக்கு அடியில்தான் இருக்கிறது. வாசலைக் கூட்டுங்கள், கிணற்றடியைக் கூட்டுங்கள், மூங்கிலடியை மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது வைகாசி பிறந்த பிறகுதான் அந்தப் பக்கம் விளக்குமாறு போகும். இந்தப் பங்குனியில் அது நாலு நாள் தங்கியது, ஐந்தாம் நாள் விடியலில் சீழ்க்கை கேட்கவில்லை.