மரக்கட்டை மேட்டில் காய்கறி: எங்கே தவறுகிறோம்?

மரக்கட்டைகளைப் புதைத்து, அவற்றின்மேல் தழை, எரு, மண் என்று குவித்துக் காய்கறி வளர்க்கும் ஹூகல்கல்ச்சர் முறையை நம் வீட்டுத் தோட்டக்காரர்களும் முயன்று பார்க்கிறார்கள். இணையத்தில் காணும் படங்களில் மேடு ஆளுயரத்துக்கு நிற்கும். சரிவெல்லாம் பூசணியும் முட்டைக்கோசும் நிறைந்திருக்கும். அந்தப் படத்தைக் கொல்லையில் அப்படியே கட்டிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து பிறப்பவை.

இது ஜெர்மன் பேசும் நாடுகளில் வளர்ந்த முறை. அதை உலகறியச் செய்தவர்களில் ஒருவர் ஆஸ்திரிய விவசாயி செப் ஹோல்சர். லுங்காவ் என்னும் மலைப்பகுதியில், கடல்மட்டத்துக்கு 1,100 மீட்டருக்கு மேலே இருக்கும் அவர் நடத்திவந்த கிராமேட்டர்ஹோஃப் பண்ணையில் பயிருக்குப் பகை குளிர். செங்குத்தான மேடு அங்கே தாழ்ந்து வரும் வெயிலைப் பிடித்துக்கொள்ளும், குளிர்காற்றை மறிக்கும், உள்ளே மட்கும் தழையின் சூடு பயிரை முன்னதாகவே கிளப்பிவிடும். சித்திரை மாதத்து மதுரையில் இந்த உதவிகளெல்லாம் யாருக்கு வேண்டும்? இங்கே உயரமான மேடு எல்லாப் பக்கமும் காய்ந்து வெடிக்கும். ஊற்றும் நீர் சரிவில் ஓடி அடிவாரத்தில் தேங்கும். உச்சியில் நட்ட கத்தரி வாடி நிற்கும்.

நமக்கு மேட்டைவிடக் குழிதான் முக்கியம். ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம் தோண்டிக் கட்டைகளைத் தரைமட்டத்துக்குக் கீழேயே அடுக்குங்கள். தரைக்கு மேலே ஒன்றரை அடி எழும்பினால் போதும். இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும் என்பதால் அகலம் நான்கடி. மேற்பரப்பைத் தட்டையாக விட்டு, ஓரங்களைச் சற்றே தூக்கிக் கட்டினால் நீர் உள்ளேதான் இறங்கும். மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்வான களிமண் நிலத்தில் மட்டும் இந்தக் குழி வேண்டாம். கட்டை மட்காமல் நாறத் தொடங்கிவிடும்.

அடுத்தது, கிடைத்த கட்டையையெல்லாம் உள்ளே போடுவது. நம் ஊரில் எளிதில் கிடைப்பது விழுந்த தென்னைமரம். மட்கும் தென்னந்தண்டும் எருக்குழியும் காண்டாமிருக வண்டு முட்டையிட விரும்பும் இடங்கள். இரண்டையும் ஒரே குழியில் சேர்த்து மூடி வைத்தால் வண்டுக்கு நாமே பிரசவ விடுதி கட்டித் தந்ததாக ஆகும். புழு உள்ளே வளர்ந்து, வண்டாகி வெளிவந்து, பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். பின்னர் விரியும் மட்டை கத்தரியால் நறுக்கியதுபோல இருக்கும். தென்னை நிற்கும் கொல்லையில் தென்னந்தண்டைப் புதைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. மட்டையும் உரிமட்டையும் போடலாம். எருவைக் கிளறும்போது வெள்ளைப் புழு தென்பட்டால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

தைல மரம், சீமைக் கருவேலம் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. இவற்றின் தழையிலிருந்து கசியும் பொருட்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும். தேக்கு போன்ற வைரமேறிய மரம் கெடுதல் செய்யாது. மட்க வெகுகாலம் எடுக்கும், அவ்வளவுதான். பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட், மருந்து ஏற்றிய சட்டம் ஆகியவை சாப்பிடும் காய்க்கு அடியில் போகக் கூடாதவை. இன்னொரு பக்கம், முருங்கை, கிளைரிசிடியா, பூவரசு, ஒதியன் ஆகியவற்றை வெட்டிய பச்சையாகப் புதைத்தால் அவை மட்காது, துளிர்க்கும். தக்காளிப் பாத்தி முருங்கைத் தோப்பாக மாறாமலிருக்க, கிளைகளை நன்றாகக் காய விட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். எல்லாவற்றிலும் மேலானது கொல்லை மூலையில் கிடந்து பாதி மட்கிய, நகத்தால் அழுத்தினால் உள்வாங்கும் கட்டை.

கறையானைப் பற்றிப் பலர் முதலிலேயே கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். உலர்ந்த கட்டையை உலர்ந்த மண்ணில் புதைப்பது கறையானுக்கு வைக்கும் விருந்து. நனைந்து, பூஞ்சை பிடித்து, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கட்டையில் மட்குதல் வேகமாக நடக்கும். அதனால் கட்டைகளைக் குழியில் அடுக்கிய கையோடு நீரைப் பாய்ச்சி ஊறவிடுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் மண்ணைக் கரைத்து ஊற்றி இடுக்குகளை அடையுங்கள். வெற்றிடம் விட்டால் எலி குடியேறும், வேரும் காற்றில் தொங்கும். இவ்வளவு செய்தாலும் கறையான் வராது என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளிக் கட்டுவதே முறை. கறையான் மருந்தை ஊற்றிவிட்டு அதன்மேல் வெண்டை நடுபவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

மேலே போட்ட செடி வெளுத்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தழைச்சத்துப் பஞ்சம். காய்ந்த மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 400 பங்கு கரிமம் இருக்கும். மாட்டுச் சாணத்தில் அது 20 பங்கு அளவுக்குத்தான். கரிமத்தைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் குறைப்படும் தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பெரிய கட்டை ஆழத்தில் கிடந்தால் இந்த இழுபறி அதன் மேற்பரப்போடு நின்றுவிடும். மரத்தூளையும் சீவலையும் மேல்மண்ணோடு கலப்பதுதான் ஆபத்து. கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே மட்கிய சாணம், பச்சைத்தழை, சமையலறைக் கழிவு என்று ஓர் அடிக்குக் குறையாமல் நிரப்புங்கள்; அதற்கு மேலே அரை அடியாவது நல்ல மண் இருக்கட்டும். பச்சைச் சாணத்தின் சூடு நாற்றின் வேரைக் கருக்கும்.

இப்படி ஊட்டமாகக் கட்டிய மேட்டில் நேர்மாறான சிக்கலும் உண்டு. தழைச்சத்து மிகுந்த புது மேட்டில் வளரும் கீரையில் நைட்ரேட் சேரும் என்பதால், தொடக்க ஆண்டுகளில் ஜெர்மானியத் தோட்டக்காரர்கள் பசளைக்கீரையைத் தவிர்ப்பார்கள். பூசணி, கத்தரி, தக்காளி போன்ற பெருந்தீனிப் பயிர்களை முதலில் வைத்துவிட்டு, கீரைக்கும் அவரைக்கும் பிறகு இடம் கொடுங்கள். சேனையும் மரவள்ளியும் வேண்டாம். தோண்டி எடுக்கும்போது மேடே கலைந்துபோகும்.

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதைக் கேட்டு, ஆடியில் மேடு கட்டி ஆடியிலேயே நடுகிறவர்கள் உண்டு. உள்ளே கட்டை இன்னும் ஊறியிருக்காது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. புரட்டாசியில் மேட்டைக் கட்டி முடித்து, அந்த மழையைக் கட்டை குடிக்க விட்டு, தைப் பட்டத்தில் காய்கறி நடுவது நம் பருவத்துக்குப் பொருந்தும். இடைப்பட்ட காலத்தில் மேடு வெறுமையாகக் கிடந்தால் ஐப்பசி அடைமழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். தட்டைப்பயறும் சணப்பும் நெருக்கமாக விதைத்து, பூக்கும் தறுவாயில் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடலாம்.

நீரே பாய்ச்ச வேண்டாம் என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். ஊறிய கட்டை பாய்ச்சும் இடைவெளியை நீட்டித் தரும். முதல் கோடையில் அதையும் எதிர்பார்க்காதீர்கள். நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு இல்லாத மேட்டில் எந்தக் கட்டையும் உதவாது.

மட்க மட்க மேடு அமிழும், அதுவும் ஒரே சீராக அமிழாது. ஆண்டுதோறும் மேலே எருவும் மண்ணும் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். புடலைக்கும் பீர்க்கனுக்கும் போடும் பந்தலின் கால்களை மேட்டில் ஊன்றினால் காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது பந்தல் ஒரு பக்கம் சாயும். கால்களை வெளியே கெட்டித் தரையில் நட்டு, கொடியை மட்டும் மேட்டிலிருந்து ஏற்றிவிடுங்கள்.