கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் நோய்ப் பரவல் செய்திகளைப் படிக்கும் முறையும் தடுப்பூசிக் கணக்கும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கடலூரிலும் புதுச்சேரியிலும் காய்ச்சல் செய்திகள் வரத் தொடங்கிவிடும். அவற்றுள் எது நம் வீட்டைத் தொடும் செய்தி என்று அறிய, முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பகுதிதான்; ஆனால் புதுச்சேரி நகரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதே பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயோ கேரளத்துக்குள் அமைந்த ஊர் என்பதால், கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வைரஸ் பரவும்போதெல்லாம் அதன் பெயரும் செய்தியில் அடிபடும். ஆகவே தலைப்பில் ‘புதுச்சேரி’ என்று இருந்தால், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற நான்கு பகுதிகளில் எது என்பதைச் செய்தியின் உள்ளே தேடிப் பாருங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த பாகூரில் டெங்கு கண்டால் அது புதுச்சேரிக் கணக்கில்தான் ஏறும்; ஆனால் தென்பெண்ணையாற்றுக்கு இக்கரையில் உள்ள கடலூர்க்காரர்களுக்கும் அது நேரடியான எச்சரிக்கைதான். புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் நேர்ந்த இறப்பு என்று வரும் செய்தியிலும், இறந்தவர் விழுப்புரம் அல்லது கடலூர் மாவட்டத்தவராக இருக்கக்கூடும்.

அடுத்து, எண்ணிக்கை எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜனவரி முதல் இன்று வரையிலான மொத்தம் எப்போதும் ஏறிக்கொண்டே போகும். சென்ற வாரத்தில் எத்தனை பேர், சென்ற ஆண்டு இதே வாரத்தில் எத்தனை பேர் என்ற ஒப்பீடுதான் பரவலைக் காட்டும். டெங்குவில் இன்னொரு நுட்பமும் உண்டு. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனையும், அதன் பிறகு உடலில் உருவான எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனையும் செய்ய வேண்டும்; எலைசா என்ற ஆய்வக முறையில் உறுதியானவற்றையே அரசு டெங்கு என்று கணக்கில் சேர்க்கிறது. தனியார் மருத்துவமனையில் உடனடி முடிவு தரும் கார்டு டெஸ்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தவர்களில் பலர் அந்தக் கணக்கில் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். உடனே மூடிமறைப்பு என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

நாடு முழுவதற்குமான விவரம் வேண்டுவோர், 2004இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வாராந்திர அறிக்கைகளைப் படிக்கலாம். மாவட்டம், நோய், பாதிக்கப்பட்டோர், இறந்தோர், தொடங்கிய நாள், எடுத்த நடவடிக்கை என எல்லாம் அவற்றில் இருக்கும். ஆனால் அவை பல வாரங்கள் தாமதமாகவே வெளிவருவதால், இன்றைய நிலையை அறிய உதவா. அதற்குக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும், வீடு வீடாக வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரிடமும் கேட்பதே மேல் என்பது என் கருத்து. எந்தத் தெருவில் காய்ச்சல் கூடுகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். தமிழகத்தில் 104 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நோயின் பெயர் தெரிந்தபின், அதற்கு அரசு அட்டவணையில் தடுப்பூசி உண்டா என்று பாருங்கள். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு இல்லை. தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான் ஆகியவற்றுக்கு உண்டு. நெல்வயல் நீரில் பெருகும் கியூலக்ஸ் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி, தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் மட்டுமே போடப்படுகிறது. கடலூர் அவற்றுள் ஒன்று. ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் இதே பருவங்களில்தான் போடப்படுகிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம் என்பதால், புதுச்சேரியில் பிறந்து கடலூரில் வளரும் குழந்தைகள் இங்கே ஏராளம். இரண்டும் வெவ்வேறு நிர்வாகங்கள். ஆதலால் புகுந்த வீட்டுக்குத் திரும்பிய வாரமே குழந்தையின் தடுப்பூசி அட்டையைச் செவிலியரிடம் காட்டிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சல் ஊசி உண்டா என்றும் கேளுங்கள். அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்வது வெள்ளக் காலத்தில் உதவும். தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாள் தள்ளிவிட்டதே என்று கூச்சப்பட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தமிழகத்தில் தடுப்பூசி நாளான புதன்கிழமைகளில் போகும்போது குப்பியையும் கவனியுங்கள். அதன் மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தால் கெடவில்லை. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் கறுத்துவிட்டாலோ பயன்படுத்தக் கூடாது. தூளாக வந்து கரைசலில் கலக்கப்படும் தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலந்த நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதனால்தான் திறந்த நேரத்தைச் செவிலியர் குப்பியில் எழுதுகிறார்.

2017 பிப்ரவரியில் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கான முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவி, பெற்றோர் பலர் தயங்கினர். அத்தகைய செய்தி மீண்டும் வந்தால் எந்த ஊர், எந்த நாள், எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடையில்லாத செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். விடை இருந்தால், அதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.