குடற்புழுவைத் தாங்கும் செம்மறி: ஈற்று குறையாமல் தேர்வு செய்யும் முறை

புழு நீக்க மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடும். புழுவை இயல்பாகவே எதிர்க்கும் ஆடுகளைப் பெருக்குவதுதான் நிலைத்த வழி. இந்தக் குணம் ஓரளவு பரம்பரையாக இறங்கும். ஆனால் தேர்வு தவறினால் நன்றாக ஈனும் ஆடுகளையே இழப்பீர்கள்.

1. எப்போது அளப்பது

அளப்பது புழுக்கையில் உள்ள குடற்புழு முட்டைகளை; முட்டை குறைவாக உள்ள குட்டிதான் புழுவை எதிர்க்கும் குட்டி. பால் மறந்த குட்டிகளை 4 முதல் 6 மாத வயதில் அளக்கலாம். எல்லாம் ஒரே மேய்ச்சலில் இருக்க வேண்டும். மருந்து கொடுத்து 6 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். முதலில் 10 குட்டிகளின் புழுக்கையை மட்டும் பாருங்கள். சராசரி கிராமுக்கு 500 முட்டைக்குக் கீழே இருந்தால் காத்திருங்கள். அந்த நிலையில் எல்லாக் குட்டியும் நல்ல குட்டியாகத்தான் தெரியும். காத்திருக்கும்போது கீழ் இமை வெளுத்தாலோ தாடைக்கு அடியில் நீர் கோத்தாலோ அந்தக் குட்டிக்கு உடனே மருந்து கொடுங்கள். தேர்வை விட உயிர் பெரிது.

2. முட்டை எண்ணுவது

ஆசனவாயிலிருந்து நேரடியாக எடுத்த புழுக்கை 4 கிராம், நிறைவுற்ற (மேலும் உப்பு கரையாத அளவு அடர்ந்த) உப்புக் கரைசல் 56 மில்லி. நன்றாகக் கரைத்து வடிகட்டி, மெக்மாஸ்டர் தகட்டின் (முட்டை எண்ணுவதற்கான கட்டம் போட்ட கண்ணாடித் தகடு) இரு அறைகளையும் நிரப்பி, 5 நிமிடம் விட்டு நுண்ணோக்கியில் எண்ணுங்கள். இரு அறைகளின் கூட்டுத்தொகையை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு. உப்பு குறைந்தால் முட்டை மேலே மிதக்காது. புழுக்கை வெயிலில் கிடந்தால் முட்டை பொரிந்து கணக்கு குறையும், குளிர்பெட்டியில் கொண்டுபோங்கள்.

3. கிடா தேர்வு

இரட்டையில் பிறந்த குட்டிக்குப் பால் குறைவு, சீக்கிரமே புல்லுக்குப் போகும், முட்டையும் கூடுதலாக இருக்கும். அதனால் இரட்டையை இரட்டையோடும் ஒற்றையை ஒற்றையோடும் ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஒற்றைக் குட்டிகளே தேறும். சில தலைமுறையில் இரட்டை ஈற்று அருகிவிடும். முட்டை குறைந்த கிடாக்களில் விதை இரண்டும் சமமாக, கட்டியின்றி, வயதுக்கேற்ற பருமனில் உள்ளவற்றை மட்டும் வையுங்கள்.

4. தாய் ஆடுகள்: பலர் சறுக்கும் இடம்

ஈனுவதற்குச் சற்று முன்பிருந்து பாலூட்டும் வாரங்கள் வரை தாயின் எதிர்ப்புச் சக்தி தளரும், முட்டை ஏறும். இரட்டை சுமக்கும் ஆட்டில் இன்னும் ஏறும். அப்போது அளந்து கழித்தால் சினையே பிடிக்காத ஆடு உங்கள் கணக்கில் முதலிடம் பிடிக்கும். இந்தக் காலத்து எண்ணை வைத்து எந்தத் தாயையும் விற்காதீர்கள்; நல்ல புரதத் தீவனம் கொடுங்கள், ஏற்றம் குறையும்.

5. உறவுக் கலப்பு

மிகச் சிறந்த ஒரே கிடாவை வருடக்கணக்கில் விடுவது ஆபத்து. தகப்பன்–மகள் இணைந்தால் குட்டியின் உட்கலப்பு (உறவுக் கலப்பின் அளவு) 25 சதவீதம். சினைப்பிடிப்பும் குட்டி பிழைப்பதும் குறையும். வேறு வேறு தகப்பன் வழியில் 3 கிடாக்களாவது வையுங்கள். மகள்கள் பருவத்துக்கு வரும் முன் தகப்பனை மாற்றுங்கள்.

காது எண்வாரியாகக் கிடா விட்டது, ஈன்றது, பிறந்த குட்டி, பால் மறந்த குட்டி என நான்கையும் எழுதுங்கள். ஈற்று சரிந்தால் முதலில் கிடாவைச் சோதியுங்கள், அடுத்து உறவுக் கலப்பை, பிறகு தாயின் உடல் தேற்றத்தை.