நேற்றைய அப்டேட்டில் என்ன மாறியது? டெர்மினலிலேயே கண்டுபிடிக்கலாம்

ஒருநாள் இரவு அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் மடிக்கணினியில் பாட்டு ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. மாறிய பேக்கேஜ்கள் (நிறுவியிருக்கும் மென்பொருள் தொகுப்புகள்) அறுபதுக்கு மேல் இருந்தன. எதைச் சந்தேகப்படுவது? அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் இது.

டெபியன், உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்கானது. எல்லாமே டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில் செய்வது. கட்டளைகளை உச்சரிப்பு தெரியத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் ஒரே இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1. அப்டேட்டுக்கு முன் ஒரு பட்டியல்

டிபிகேஜி-குவெரி -டபிள்யூ > முன்

அந்த டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. நிறுவியிருக்கும் எல்லா பேக்கேஜும் அதனதன் பதிப்பு எண்ணோடு 'முன்' என்ற கோப்பில் போய் உட்காரும். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் லினக்ஸ் கோபித்துக்கொள்ளாது.

2. அப்டேட், பிறகு இன்னொரு பட்டியல்

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் அப்கிரேட்
டிபிகேஜி-குவெரி -டபிள்யூ > பின்

முதல் வரி புதிதாக என்ன வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இறக்கும். இரண்டாவதுதான் நிஜமாக மாற்றும். புதியவர்கள் பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

3. ஒப்பிடுங்கள்

டிஃப் முன் பின்

இப்படி வரும்:

< ஓபன்எஸ்எஸ்எல் 3.0.2-0உபுண்டு1.14
> ஓபன்எஸ்எஸ்எல் 3.0.2-0உபுண்டு1.15

ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்பை மறையாக்கும் மென்பொருள். மேலே பழையது, கீழே புதியது. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கோட்டுக்கு முன்னால் இருக்கும் 3.0.2, மென்பொருளை எழுதியவர்கள் வைத்த எண். பின்னால் இருப்பது உபுண்டுக்காரர்கள் அதில் செய்த ஒட்டுவேலையின் எண். பாதுகாப்புத் திருத்தங்களில் பெரும்பாலும் பின்பாதி மட்டுமே மாறும். அதனால் முன்பாதி பழையதாக இருக்கிறதே, ஓட்டையை அடைக்கவில்லை போலிருக்கிறது என்று பதற வேண்டாம். 1.10 என்பது 1.9-ஐவிடப் புதியது, தசம எண்ணாக நினைத்துப் படித்தால் ஏமாந்துபோவோம்.

4. பட்டியல் எடுக்க மறந்துவிட்டால்

அன்று நானும் எடுத்திருக்கவில்லை. ஆனால் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜி தன் பாட்டுக்கு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறது:

இசட்கிரெப் -ஹெச் ' அப்கிரேட் ' /வார்/லாக்/டிபிகேஜி.லாக்* | சோர்ட்

தேதி, நேரம், பேக்கேஜ், பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று வரிசையாக வரும். மேற்கோள் குறிக்குள் சொல்லின் இருபுறமும் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அதை விட்டால், அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜ் பெயரெல்லாம் சேர்ந்து வந்து திரையை நிரப்பும். பழைய மாதங்களின் லாக் (அந்த நாட்குறிப்புக் கோப்பு) சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதையும் திறந்து தேடத்தான் வெறும் கிரெப்புக்குப் பதில் இசட்கிரெப். எந்தக் கட்டளை இந்த மாற்றத்தைச் செய்தது என்று தெரிய, /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பைப் பாருங்கள்.

வேறு லினக்ஸ் வகைகளில்: ஃபெடோராவில் இதற்கு 'டிஎன்எஃப் ஹிஸ்டரி லிஸ்ட்', 'டிஎன்எஃப் ஹிஸ்டரி இன்ஃபோ' இரண்டும் போதும். ஆர்ச்சில் /வார்/லாக்/பேக்மேன்.லாக்.

5. ஏன் மாறியது?

ஆப்ட் சேஞ்ச்லாக் ஓபன்எஸ்எஸ்எல்

இணையம் வேண்டும். மேலே இருப்பது ஆகப் புதிய மாற்றம். வெளியே வர க்யூ விசையை அழுத்துங்கள்.

6. சந்தேகப்பட்டதை அதே பதிப்பில் நிறுத்தி வைக்க

சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட் பேக்கேஜ்பெயர்

பழைய பதிப்பு இன்னும் கிடைக்கிறதா என்று 'ஆப்ட் பாலிசி பேக்கேஜ்பெயர்' சொல்லும். கிடைத்தால், 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பேக்கேஜ்பெயர்=பதிப்பு' என்று கொடுத்துப் பின்வாங்கிவிட்டு ஹோல்ட் போடுங்கள். எனக்குச் சத்தம் திரும்பியது அப்படித்தான். ஆனால் ஹோல்ட் போட்டதை மறந்தால் பாதுகாப்புத் திருத்தமும் அதற்கு வராது. அவ்வப்போது 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' போட்டுப் பாருங்கள்; வேலை முடிந்ததும் ஹோல்ட் இருந்த இடத்தில் அன்ஹோல்ட்.