ஒரு நிலவியலாளரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த நிலவியலாளர் இறந்த மூன்றாவது வாரம், அவருடைய மகள் அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாச் சட்டையிலும் இடப்பக்கப் பையின் அடியில் பொடிப்பொடியாக ஓட்டைகள். "அப்பாவுக்குச் சட்டை நிலைக்கவே நிலைக்காது. அம்மா தைத்துத் தைத்து அலுத்துப்போவாள்" என்றார். காரணம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பையில்தான் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டி இருக்கும். பாறையில் ஒரு சொட்டு விடுவார், நுரைத்தால் சுண்ணாம்புக்கல். அவசரத்தில் மூடியைச் சரியாகத் திருகாமல் பையில் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு ஓட்டை தெரிந்திருந்தது, எங்களுக்கு அமிலம் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல அதுவரை யாரும் இல்லை.

அவரைப் பற்றி நான் எழுதியதுதான் முதல் நினைவுக் கட்டுரை. அதன்பின் நான்கு பேருக்கு எழுதிவிட்டேன். ஆண்டில் பாதியை வீட்டைவிட்டு வெளியில் கழித்தவர்கள் இவர்கள். வீட்டார் அறிந்த பாதியும் களத்தில் உடனிருந்தவர்கள் அறிந்த பாதியும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அவற்றைச் சந்திக்க வைப்பதுதான் எழுதுபவருடைய வேலை என்று நினைக்கிறேன். நீங்களும் ஒருவரைப் பற்றி எழுத முன்வந்திருந்தால், நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எழுத உட்காராதீர்கள். கற்களைக் காப்பாற்றுங்கள். இறப்புக்குப்பின் வீட்டை ஒழிக்கத் தொடங்கும்போது முதலில் வெளியே போவது கல் பெட்டிகள்தான். ஒவ்வொரு கல்லிலும் சிறிதாக வெள்ளை வண்ணம் பூசி மேலே ஓர் எண் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணுக்குரிய இடம், தேதி, பாறையின் சாய்வு எல்லாம் களக் குறிப்பேட்டில் இருக்கும். குறிப்பேட்டைப் பிரிந்துவிட்டால் அது எந்த ஊர்க் கல் என்றே தெரியாமல் போகும். அதனால் எதையும் கழுவ வேண்டாம், ஒட்டியிருக்கும் தாளைப் பிய்க்க வேண்டாம், அழகாக அடுக்கவும் வேண்டாம். அலமாரி இருக்கிறபடியே தட்டு தட்டாகப் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு தட்டையும் தனிப் பெட்டியில் போட்டு, எந்தத் தட்டு என்று பெட்டிமேல் எழுதுங்கள். கண்ணாடித் துண்டில் ஒட்டிய பாறைச் சீவல்களை நிற்கவைத்த நிலையிலேயே தனியாக வையுங்கள். குறிப்பேடுகளையும் வரைபடங்களையும் உடனே ஸ்கேன் செய்யுங்கள்.

வில்லியம் ஸ்மித் 1815-இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டவர். கடன் தாளாமல் தன் புதைபடிவங்களைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றார். 1819-இல் கடனைத் திருப்பித் தராதவர்களை அடைக்கும் சிறைக்கும் போனார். ஆனால் எந்தப் படிவம் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று வரிசைப்படுத்தியே கொடுத்திருந்தார். அதனால் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்து அவர் எப்படி யோசித்தார் என்று பின்தொடர முடிகிறது. நான் இரண்டாவதாக எழுதியவர் விஷயத்தில் இரண்டு மாதம் தாமதித்துவிட்டேன். நான் போனபோது நான்கு பெட்டிக் கற்கள் தோட்டத்தில் பாத்தி ஓரமாகப் பதிக்கப்பட்டிருந்தன. எண்களெல்லாம் மழையில் போய்விட்டன. அந்த வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் குறிப்பேடுகள். இவற்றுக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள், ஒரு மாதமானாலும் பரவாயில்லை. பதவிப் பட்டியலை வைத்துக் காலவரிசை தயாரிக்காதீர்கள். உதவி அலுவலர், முதுநிலை அலுவலர், இயக்குநர் என்று போகும் பட்டியல் யாருக்கும் பொருந்தும். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஆண்டு, மாதம், இடம், கூட இருந்தவர், என்ன பாறை என்று களப்பருவங்களை எழுதுங்கள். இடையில் வெற்றுக் கட்டங்கள் விழும். அந்த ஆண்டு ஏன் களத்துக்குப் போகவில்லை? நோயா, குழந்தை பிறந்ததா, பணம் ஒதுக்கப்படவில்லையா? வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அந்த வெற்றிடங்களிலிருந்துதான் வரும். பென்சிலில் எழுதியிருப்பார்கள், மழையில் மை கரையும் என்பதால். ஓரங்களைத் தவறாமல் பாருங்கள். என் ஆசானின் குறிப்பேடு ஒன்றில் அடுக்குகளின் சாய்வு அளவுகளுக்கு நடுவே "மகளுக்கு அம்மை என்று கடிதம்" என ஒரே வரி. மறுநாள் வழக்கமாக இருபது, முப்பது அளவுகள் எடுப்பவர் நான்குதான் எடுத்திருந்தார். அந்தப் பக்கத்தை மகளிடம் காட்டியபோது அவர் அழுதார். அந்த நாளில் அப்பா தன்னை மறந்திருந்தார் என்றே அதுவரை நினைத்திருந்தாராம்.

நேரில் பேசப் போகும்போது கேள்விப் பட்டியலைவிட வரைபடம் உதவும். அவர் வேலை செய்த பகுதியின் தாளை மேசையில் விரித்துவிட்டுச் சும்மா இருங்கள். விரல் தானாக ஓர் ஓடையைத் தொடும், பேச்சு அங்கிருந்து ஆரம்பிக்கும். சக விஞ்ஞானிகளுக்கு முன்னால் ஓட்டுநர், சமையல்காரர், துளையிடும் குழுவினர், பாறையைச் சீவிக்கொடுத்த ஆய்வகப் பணியாளர் ஆகியோரிடம் போங்கள். விஞ்ஞானிகள் அவருடைய கட்டுரைகளைப் பற்றிச் சொல்வார்கள், ஓட்டுநர்தான் அவரைச் சொல்வார். என் ஆசான் புதிதாக வருபவரிடம் ஒரு துண்டுப் பாறையைக் கொடுத்து, முன்பல்லால் மெல்லக் கடிக்கச் சொல்வார். நறநறவென்றால் வண்டல் கலந்தது, வழுவழுவென்றால் வெறும் களிமண் பாறை. வண்டியோட்டிய தனக்கும் ஒருநாள் அதைக் கொடுத்தார் என்று அந்த ஓட்டுநர் சொன்னபோது முகம் மலர்ந்தது. "எனக்கும் கொடுத்தார் சார்" என்று இரண்டு முறை சொன்னார்.

இவர்களுடைய பெயர்களைக் கட்டுரையில் கட்டாயம் போடுங்கள், அவர்களிடம் கேட்டுக்கொண்டு. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வேகனர் 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். அவரைப் புதைத்து, இடம் தெரிவதற்காகப் பனிச்சறுக்குக் கட்டைகளை நட்டுவிட்டு, அவர் நாட்குறிப்போடு கிளம்பியவர் ரஸ்முஸ் வில்லும்சன் என்ற கிரீன்லாந்து இளைஞர். அடுத்த ஆண்டு வேகனரின் உடல் கிடைத்தது அந்த அடையாளத்தால்தான். வில்லும்சன் கிடைக்கவே இல்லை. வேகனரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயரையும் நான் விடுவதில்லை.

இறந்தவர் செய்த அறிவியலைச் சொல்லத்தான் பலர் திணறுகிறார்கள். நாற்பது கட்டுரைகளையும் சொல்ல முயலாதீர்கள். ஒன்றை எடுங்கள். அதற்குமுன் எல்லோரும் என்ன நம்பினார்கள், இவர் எதைப் பார்த்தார், பிறகு என்ன மாறியது என்ற வரிசையில் சொல்லுங்கள். முடிந்தால் கண்டுபிடிப்பும் ஆளும் ஒரே காட்சியில் வரட்டும். டென்மார்க்கின் இங்கே லேமன், நிலநடுக்க அலைகள் வரக்கூடாத இடத்தில் வருவதைக் கவனித்து, பூமியின் மையக்கருவுக்குள்ளே இன்னொரு உட்கரு இருப்பதாக 1936-இல் சொன்னார். அவருடைய உறவினர் ஒருவரின் நினைவில் அவர் தோட்டத்து மேசையில் ஓட்ஸ் அட்டைப்பெட்டிகளைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார். பெட்டிகளுக்குள் நிலநடுக்க விவரங்கள் எழுதிய அட்டைகள். கணினி இல்லாத காலத்தில் பூமியின் நடுப்பகுதியை ஒருவர் எப்படி எட்டினார் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

பங்கைச் சரியாகப் பிரித்துக் கொடுங்கள். மேரி ஆனிங் 1823-இல் தோண்டியெடுத்த பிளீசியோசார் என்ற அழிந்துபோன கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டை மறு ஆண்டு லண்டன் நிலவியல் சங்கத்தில் விவரித்தவர் அவர் பெயரைச் சொல்லவில்லை. அவர் இறந்தபின்தான் சங்கத் தலைவர் புகழுரை வாசித்தார். பெண்களை அந்தச் சங்கம் 1919-இல்தான் சேர்த்துக்கொண்டது. அட்லாண்டிக் கடலடியின் நடுமலைத்தொடரில் பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுகிறது என்று மேரி தார்ப் வரைந்து காட்டியபோது, உடன் வேலை செய்தவரே முதலில் அதைப் பெண்கள் பேச்சு என்று தள்ளினார். நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர் இப்படி மறைக்கப்பட்டிருந்தால் சொல்லுங்கள். அவரே ஒருவரை மறைத்திருந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும். தவறுகளும் அப்படித்தான். என் ஆசான் இளவயதில் வரைந்த ஒரு பிளவுக்கோடு, பிறகு துளையிட்டுப் பார்த்தபோது அங்கே இல்லவே இல்லை. அவர் அந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டிவைத்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். அதை எழுதாவிட்டால் அவரை எழுதியதாகாது.

சிலவற்றை எழுதக்கூடாது. நிறுவனத்துக்காகத் துளையிட்டு எடுத்த விவரங்களை அனுமதியின்றி வெளியிடாதீர்கள். அரிய புதைபடிவம் கிடைக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்காதீர்கள், தோண்டி விற்பவர்கள் வந்துவிடுவார்கள். இறந்த காரணத்தை வீட்டார் விரும்பினால் மட்டும் சொல்லுங்கள். கட்டுரை முழுவதையும் வீட்டார் ஒருவருக்கும் களத்தில் இருந்த ஒருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஒருவருக்குப் புரியாத இடத்தில் மற்றவர் குறுக்கிட்டு விளக்கினால், அந்த விளக்கத்தை அப்படியே கட்டுரையில் சேருங்கள்.

இறுதியில் கற்களும் குறிப்பேடுகளும் எந்தக் கல்லூரியில், எந்த அருங்காட்சியகத்தில், என்ன பதிவெண்ணில் இருக்கின்றன என்று அச்சிடுங்கள். நாங்கள் கொடுத்த பட்டியலில் சுத்தியல், கைலென்ஸ், முப்பத்தொரு குறிப்பேடுகள் என்று வந்தபின் மகள் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பருத்திச் சட்டை ஒன்று, இடப்பக்கப் பையில் அமில ஓட்டைகள், நான்கு இடத்தில் தைத்தது.